மாப்பிள்ளை விசாரிப்பதுபோல் விசாரித்தேன்

இர்பித்,
வியாழன் இரவு.

என் கண்ணு ரனீமுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இங்கே தெருவே தூங்கிவிட்டது, உனக்கு அங்கே கோலாலம்பூரில் விடியப்போகும் நேரமாக இருக்கும், எழுந்தவுடன் இது கண்ணில் பட்டு என்னவோ ஏதோ என்று பதறாதே, உடம்புக்கு நாங்கள் எல்லோரும் சுகம்தான், உன் சுகத்தைத்தான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உன் வாப்பாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, முதல் மழை பெய்ததும் ஊரில் அத்தனை பேருக்கும் தங்கள் டயர் வழுக்கையாகிப் போனது ஒரே நாளில் ஞாபகம் வந்துவிட்டது, கடையில் உட்கார நேரமில்லை, உட்கார்ந்தால்தானே வலிக்கும் என்கிறார். ஜூரிக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், உனக்குப் படம் அனுப்பக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் அனுப்பவில்லை. ஆலிவ் பறித்தாயிற்று, இந்த வருடம் காய்ப்புக் குறைவு, ஆனாலும் பச்சைக் காயைத் தட்டி உப்பும் எலுமிச்சையும் போட்டு உனக்கென்று ஒரு ஜாடி ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஈரத் தலையோடு அந்த ஏசிக்கு அடியில் படுக்காதே, போன மாதம் உனக்கு வந்த இருமல் அதனால்தான் வந்தது, நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதனால்தான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் என்றால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பரவாயில்லை உம்மா என்பாய், அந்தப் பரவாயில்லையைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லாமல் நழுவிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி. ஸுஹைபின் அலுவலகத்து வேலை வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புவதற்கு ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறேன் என்றாயே, இதைப் படித்து முடிக்கும்வரை அதை அனுப்பாதே. நான் சொன்னதை நம்பி நீ எழுதிய பதில் அது. நான் சொன்னது பொய். பொய் என்று தெரியாமல் சொன்னேன் என்பது உண்மைதான், ஆனால் தெரிந்துகொள்ள வழியிருந்தும் தெரிந்துகொள்ளாமல் சொன்னேன், அது எவ்விதத்தில் குறைந்த தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

வேலை கிடைத்ததை நீ சொன்ன அன்று நான் சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதது ஜூரி உனக்குச் சொல்லியிருப்பாள். நம் ஊரிலேயே, நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் அலுவலகம், மருந்துக் கம்பெனிகளுக்கும் பால், எண்ணெய் விற்கிறவர்களுக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தகவல் திரட்டிக் கொடுப்பவர்கள், அங்கே கேள்விகளை எழுதும் பொறுப்பு உனக்கு. நீ எதைப் படிக்கப் போனாயோ அதே வேலை. நீ அன்று நிறையச் சொன்னாய், உன்னை நேர்முகம் செய்தது ஹியாம் என்ற ஓர் அம்மா என்றும், அவரிடம்தான் வேலை பார்க்கப்போகிறாய் என்றும், அவர் கேட்ட கேள்விகளைப்போல் உன் பேராசிரியர்கள்கூடக் கேட்டதில்லை என்றும் சொன்னாய். நான் அதில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. முதலாளி யார், ஆம்பளை பெயர் என்ன என்று கேட்டேன். ஸுஹைப் என்றாய். அந்த ஒரு பெயரை முந்தானையில் முடிந்துகொண்டதுபோல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

யாரைப் பற்றியாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான், பெண் கேட்டு வந்தவனை விசாரிக்கிற வழி. உன் சின்ன மாமிக்கு மாப்பிள்ளை வந்தபோது நாம் போனோமே, நீயும்தான் வந்தாய். அவன் தெருவுக்குப் போய் அவன் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் எதையாவது வாங்கிக்கொண்டே இன்னார் எப்படி என்று கேட்பது. எதற்காகக் கேட்கிறோம் என்று நாமும் சொல்வதில்லை, எதற்கு என்று அவர்களும் கேட்பதில்லை, அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். அதை அமானிதமாக, நம்பி ஒப்படைத்த ஒன்றாக நினைத்து உள்ளதைச் சொல்வார்கள். அப்படித்தான் நான் ஸுஹைபின் தெருவில் இருக்கும் அபூ ஸாரியின் ரொட்டிக் கடைக்குப் போனேன். ஆள் எப்படி, கோபக்காரரா, தொழுகை உண்டா, பெண்களிடம் எப்படி நடந்துகொள்வார் என்று கேட்டேன். நல்ல மனுஷன், யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை என்றார் அவர். அதோடு வந்திருக்கலாம். அது போதாதென்று அடுத்த சந்தில் இருக்கும் நஜ்வாவின் பார்லரில் போய் உட்கார்ந்து புருவம் திருத்திக்கொண்டே அதே கேள்விகளைக் கேட்டேன், கேட்கிற வாய் சும்மா இருக்குமா, என் பெண் வெளிநாட்டில் படிக்கிறாள், படிப்பு முடிகிறது, அவளுக்காகத்தான் என்றும் சொல்லி வைத்தேன். வேலைக்காக என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. வேலைக்காக விசாரிக்கிறோம் என்று சொன்னால் உன்னைப் பற்றி இளப்பமாக நினைப்பார்கள் என்று எனக்கொரு எண்ணம். இருபத்தொரு வயதுப் பெண்ணை வைத்திருக்கிற ஒருத்தி, கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிற மனிதரைப் பற்றி இப்படிக் கேட்டால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது தோன்றுகிறது, எழுதவே கூசுகிறது.

கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. பிறகு உன் ரபாப் மாமி ஒரு நாள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தவள் கோழியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள், ஸுஹைப் என்று ஒருவன், ஆபீஸெல்லாம் வைத்திருக்கிறான், இரண்டாவது கல்யாணத்துக்கு இளம்பெண்ணாகத் தேடுகிறானாம் என்று. இரண்டு நாளில் மாடி வீட்டு வஃபா டீச்சர் படிக்கட்டில் நிறுத்தி அதையே சொன்னாள், அவளுடைய பள்ளிக்கூடத்தில்தான் அந்த ஆளின் மகள் படிக்கிறாளாம், பாவம் என்றாள். அதற்கப்புறம் ஜூரியின் பள்ளிச் சட்டையைத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் தையல்காரி ஃபத்ஹியா இன்னும் விவரமாகச் சொன்னாள், பெண் வெளிநாட்டில் படிக்கிறவளாம், வேலை தருகிறேன் என்ற சாக்கில் ஊருக்கு வரவழைக்கிறானாம் என்று. வெளிநாட்டில் படிக்கும் பெண், வேலை, எல்லாம் அப்படியே பொருந்துகிறது, அவன் குறி வைத்திருப்பது என் பெண்ணைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்து கத்தியது அன்றைக்குத்தான். நீ அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாய், "உம்மா, அவங்களுக்கு யார் சொன்னாங்களாம்? நீங்க கேட்டீங்களா?" என்று. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூணு பேர் சொல்றாங்க, மூணு பேரும் பொய் சொல்வாங்களா, உம்மாவிடமே விசாரணை நடத்துகிற அளவுக்கு அங்கே சொல்லிக் கொடுக்கிறார்களா என்று நான் உன்னை ஏசினேன். மறுநாள் நீயே சரி உம்மா, வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்றாய். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது, தெரியாததுபோல் இருந்துவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். உயரம், சாம்பல் நிறக் கோட்டு, கையில் ஒன்றுமில்லை. டயர் கடை முன்திரின் வீடுதானே என்று உன் வாப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள், உள்ளே கூட்டி உட்கார வைத்துக் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினாள், குடிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். பெரிய மனிதர்கள் கூட்டமாக வந்து ஒரு வீட்டில் ஏதாவது கேட்கும்போதுதானே அப்படி வைப்பார்கள், கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டார்கள், ஒரு பெண் தனியாக வந்து என் வீட்டில் அப்படி வைப்பாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கோப்பையைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன், என்ன வேண்டும் சொல்லுங்கள் என்றேன். "எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேணும். நான் ஸுஹைபோட சம்சாரம். அவரு ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுறாருன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள்.

நான் தைரியமாகவே சொன்னேன், அப்போதும் நான் என்னவோ நியாயத்தின் பக்கம் நிற்பதாகத்தான் நினைப்பு. ரபாப் சொன்னாள், வஃபா டீச்சர் சொன்னாள், தையல்காரி சொன்னாள் என்றேன். அவள் தலையாட்டினாள், அந்தப் பெயர்களெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தன. தன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்த அன்று ஆரம்பித்தாளாம், ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் இதே ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறாள், உங்களுக்கு யார் சொன்னது என்று, அவர்கள் யாரைச் சொன்னார்களோ அவரிடம் போய் மறுபடி அதே கேள்வி. அதை அவள் சொன்ன விதத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உங்க நாத்தனாருக்கு உங்க மாடி வீட்டு டீச்சர் சொன்னது. டீச்சருக்கு அவங்க கூட வேலை பார்க்கிறவங்க சொன்னது. அவங்க ரொட்டி வாங்குறது அபூ ஸாரி கடையில. தையல்காரிக்குச் சொன்னது அவகிட்ட துணி தைக்கக் கொடுக்கிறவ, அவ முடி வெட்டிக்கிறது நஜ்வாகிட்ட. அபூ ஸாரி, நஜ்வா ரெண்டு பேர்கிட்டயும் போனேன். யாரோ ஒரு குடும்பத்துப் பொம்பளை வந்து இவரைப் பத்தி விசாரிச்சுட்டுப் போனாங்கன்னாங்க. அதுக்கு முன்னாடி யாருக்கும் எதுவும் தெரியாது. யாரு அந்தப் பொம்பளைன்னு அபூ ஸாரிகிட்ட ரெண்டு நாள் கெஞ்சினேன், அமானிதம் அமானிதம்னாரு, அப்புறந்தான் சொன்னாரு. அவரு வண்டிக்கு உங்க கடையிலதான் டயர் மாத்துறாராம், உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கு, உங்ககிட்ட காட்டிக்கல." இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

நீ கேட்டாயே, அவர்களுக்கு யார் சொன்னது என்று. நான்தான் ரனீம். அந்த மூன்று பேருக்கும் பின்னால் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். நான் கேட்ட கேள்வியே ஊரைச் சுற்றி வந்து எனக்குப் பதிலாகக் கிடைத்திருக்கிறது, என் வாயிலிருந்து விழுந்த வெளிநாட்டுப் படிப்பையே தையல்காரி எனக்குத் திருப்பிச் சொன்னபோது அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். வேலை என்ற சாக்கு, அவர் ஆபீஸ் வைத்திருப்பதால் வழியில் யாரோ தானாக ஒட்டிவிட்டதாக இருக்கும். கல்லூரியில் நான் படித்தது புள்ளியியல். ஒரே ஆளிடமிருந்து வந்த செய்தியை எத்தனை பேர் சொன்னாலும் அது ஒரு செய்திதான் என்பது எங்களுக்கு முதல் வருடத்துப் பாடம். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கினேன்.

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு இல்லை, வேலைக்காக விசாரித்தேன், உங்கள் அலுவலகத்தில் என் பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது, கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்தப் பொண்ணு என்றாள். ரனீம் என்றேன். "கோலாலம்பூர் ரனீமா? நீங்க அவ உம்மாவா?" என்று கேட்டாள், அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவள்தான் ஹியாம், நீ சொன்ன அந்த அம்மா, நீ யாரிடம் வேலை பார்க்கப்போகிறாயோ அவள். ஸுஹைப் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறவராம், ஆட்களை எடுப்பதும் வேலை சொல்லிக்கொடுப்பதும் இவள்தானாம். நீ எனக்குப் பெயரோடு சொன்ன ஆளை விட்டுவிட்டு, உனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரின் தொழுகையையும் கோபத்தையும் தெருத்தெருவாக விசாரித்திருக்கிறேன்.

எனக்கு அந்த நேரத்திலும் என் பயம்தான் முதலில் வந்தது, இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவள் மகளைப் பற்றிக் கேட்காமல், இதனால் என் பெண்ணின் வேலை போய்விடுமா என்று கேட்டேன். "அவ எழுதி அனுப்பின கேள்விகளைப் பார்த்துத்தான் எடுத்தேன். அவ உம்மாவைப் பார்த்து இல்ல" என்றாள். அப்புறம் மகளைப் பற்றி அவளே சொன்னாள். பதினொரு வயதாம். வகுப்பில் பிள்ளைகள் உங்க வீட்டுக்குப் புது உம்மா வரப்போறாங்களாமே, என்ன சமைப்பாங்க என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வாப்பாவோடு பேசுவதில்லையாம், அவர் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுகிறதாம், அவர் அலுவலகத்திலிருந்து வந்தும் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு என்கிட்ட வேண்டாம், எங்கெல்லாம் கேட்டீங்களோ அங்கெல்லாம் போய் எதுக்குக் கேட்டீங்கன்னு சொல்லுங்க என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அந்தக் காப்பியை எடுத்தாள், ஆறிப்போயிருந்தது, சூடாக வேறு கொண்டுவருகிறேன் என்று எழுந்தேன், வேண்டாம் என்று அதையே குடித்தாள்.

புதன்கிழமை முழுக்க அதுதான் வேலை. அபூ ஸாரியிடம் போய் வேலைக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னேன், அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "புரியுதும்மா, நசீபு இல்ல, கொடுத்து வெக்கல. பொண்ணு மாட்டேன்னுடுச்சா? விடுங்க, நம்ம புள்ளைக்கு நல்லவனா வருவான்" என்று ஆறுதலாக எள்ளு ரொட்டி ஒன்றைக் கையில் திணித்தார். நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அவர் திரும்பத் திரும்பத் தலையாட்டுகிறார். கடைசியில் உன் பெயரை, படிப்பை, வேலை என்ன என்பதை எல்லாம் விவரமாகச் சொல்லி, ஹியாமே உன்னை எடுத்தாள் என்றபிறகுதான் மனிதர் வாயைத் திறந்தபடி நின்றார். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும். நஜ்வா நல்லவள், கண்ணாடி முன்னால் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள், எனக்குத்தான் அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வஃபா டீச்சர் பள்ளியில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள், இன்றைக்குச் சொல்லியும் விட்டாளாம். ரபாப் மாமி மட்டும் விடவில்லை. "மூணு பேரு சொன்னாங்கன்னு எண்ணினியே, அதுல நானும் ஒரு ஆளா? உன் மாடி வீட்டுக்காரி சொன்னதைத்தானே நான் உனக்குக் கொண்டு வந்தேன். உன் வீட்டுச் செய்தியை உன் வீட்டுக்கே சுமந்து வந்திருக்கேன் பாரு, அதுக்கு ஒரு கோழிக் கால் வேற தின்னுட்டுப் போனேன்" என்று சிரிக்கிறாள், பட்டம் வாங்கியதைச் சுவரில் மாட்டி என்ன பிரயோஜனம் என்கிறாள். உன் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அம்மா காப்பியைக் குடிச்சாங்களா என்று மட்டும் கேட்டார், குடித்தார்கள் என்றேன், சரி என்று எழுந்து தொழப் போனார். அந்தச் சிறு பெண் அவள் வாப்பாவோடு பேச ஆரம்பித்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

என் வாப்பாவைப் பற்றி ஒன்று உனக்குச் சொன்னதில்லை. நான் படித்து முடித்த வருடம், நீ கைக்குழந்தை, எனக்கும் ஒரு வேலை வந்தது, ஒரு பெரிய அலுவலகத்தில் கணக்கெடுப்புப் பிரிவில். உன் வாப்பா சரி என்றுதான் சொன்னார். என் வாப்பா விசாரித்தார். அங்கே மேலதிகாரியின் பார்வை சரியில்லை என்று யாரோ சொன்னார்களாம். நான் போகவில்லை. யார் சொன்னது, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை, அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. வாப்பா மௌத்தாகிவிட்டார், இனி கேட்கவும் ஆளில்லை. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. உன்னிடம் நான் போனில் கத்தியபோது என் வாயிலிருந்து வந்தது அவருடைய வார்த்தைகள், அப்படியே, அந்த விசாரிச்சாச்சு என்ற சொல் உட்பட. அது இந்த இரண்டு நாளாக என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

இப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஹியாம் நல்லவளாக நடந்துகொண்டாள் என்பதற்காக, என் வெட்கத்தைத் துடைத்துக்கொள்ள, ஓடி வா, இந்த வேலையை எடு என்று சொன்னால் அதுவும் போன தடவை செய்ததைப் போலத்தான் ஆகும். எனக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன். கண்ணால் பார்த்தது இவ்வளவுதான், ஹியாம் ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தாள், கடுமையானவள், ஆனால் சொன்னது ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது என்று வைத்துக்கொண்டு பேசினாள். அபூ ஸாரி ஸுஹைபை நல்லவர் என்கிறார், அவர் ரொட்டி விற்கிறவர், அலுவலகத்துக்குள் போனதில்லை, அதற்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு கொடு. அந்த அலுவலகத்தில் நேரம் எப்படி, கிராமங்களுக்குப் போனால் திரும்ப எத்தனை மணியாகும், உன் பேச்சுக்கு அங்கே இடம் இருக்குமா, இதெல்லாம் எனக்குத் தெரியாது. கிளம்பும்போது வாசலில் வைத்து, எப்படியோ துணிச்சல் வந்து, அவளையே நேராக ஒன்று கேட்டேன், உனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவள் ஏன் போனாள் என்று. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, அதற்கு ரொட்டிக் கடைக்குப் போயிருக்கவே வேண்டாம். அவள் மறைக்கவில்லை. "என்கூட ஒத்துப்போகல. அவ எழுதினதை நான் மூணு தடவை திருப்பிக் கொடுத்தேன், நாலாவது தடவை அவ வரல. என் பக்கத்தை மட்டும் கேட்டுட்டு உங்க பொண்ணுகிட்ட சொல்லாதீங்க, அவகிட்டயே கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லி, என் போனை வாங்கி அந்தப் பெண்ணின் எண்ணைத் தானே பதிந்து கொடுத்துவிட்டுப் போனாள். பெயர் துக்கா, இப்போது அம்மானில் வேறு இடத்தில் வேலை பார்க்கிறாளாம். ஹியாம் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை உன் பதிலுக்குக் காத்திருப்பாளாம், வராவிட்டால் அடுத்த பெண்ணைக் கூப்பிடுவாளாம், அதில் உனக்காக வளைந்துகொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த எண்ணை இதோடு தனியாக அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அது என் போனில் இருக்கிறது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன், விரல் அதன்மேலேயே நிற்கிறது, ஒரே ஒரு கேள்வி கேட்டால் என்ன, நான் யாரென்று சொல்லாமல் கேட்டால் என்ன என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நான் கூப்பிடவில்லை, கூப்பிடமாட்டேன். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், கேட்டதை எவ்வளவு நம்ப வேண்டும் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை என்பதை ஊரெல்லாம் பார்த்தாயிற்று. நாளை வெள்ளிக்கிழமை, துக்காவுக்கு விடுமுறை, இங்கே ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பாட்டு நேரம் தாண்டிக் கூப்பிடு, யார் பேசுகிறேன், எதற்காகக் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேள். அதற்குப் பிறகு எடுத்தாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி, நீயே தீர்மானித்து நீயே எழுது. வேண்டாமென்று எழுதினால் உன் காரணத்தை வைத்து எழுது, நான் கொடுத்த காரணத்தை வைத்து எழுதாதே. பதிலை ஹியாமுக்கு அனுப்பிவிட்டு அதற்கப்புறம் என்னிடம் சொன்னால் போதும், முன்னாலேயே சொன்னால் நான் ஏதாவது பேசிவிடுவேன்.

உன்னை ஏசியதற்கு என்னை மன்னித்துவிடு. நீ சரியான கேள்வியைக் கேட்டாய், உன் உம்மா அதற்குக் கோபப்பட்டாள். அல்லாஹ் உன் கண்ணையும் நாக்கையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், உன் பிழைப்பை உனக்கு நேரான வழியில் தரட்டும், எங்களைப் போன்றவர்களின் பயத்திலிருந்து உன்னைக் காப்பாற்றட்டும். வாப்பா ஸலாம் சொல்கிறார், ஜூரி முத்தம் தரச் சொன்னாள், பல் இல்லாத முத்தம் என்று சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாய், அந்த மறுப்பு இன்னும் போகவில்லை என்று ஒரே ஒரு வரி எனக்கு எழுது. சீக்கிரம் எழுது.

வெட்கத்தோடும் துஆவோடும்,
உன் உம்மா
அபீர்